எலியா, செல்லா, ஆர்கனாய்டா? மலை மேல் ஈஸ்ட்ரோஜன் ஆய்வுக்கு எதை எடுப்பது

ஈஸ்ட்ரோஜன் கொடுத்தால் கருப்பையில் புரொஜெஸ்ட்ரோன் ஏற்பிக்கான மரபணு, அதாவது பி.ஜி.ஆர்., கூடுமா குறையுமா? இஷிகாவா என்ற கருப்பைப் புற்றுச் செல்லிடம் கேட்டால் கூடும் என்கிறது. மனிதக் கருப்பை உட்படலத்திலிருந்து வளர்த்த ஆர்கனாய்டும், அதாவது கூழுக்குள் வளரும் குட்டித் திசு உருண்டையும், அதையே சொல்கிறது. சினைப்பை நீக்கிய சுண்டெலியின் கருப்பையைச் சீவிச் சாயமிட்டுப் பார்த்தால் ஸ்ட்ரோமாவில், அதாவது அடியிலுள்ள தாங்கு திசுவில், கூடியிருக்கும்; உள்வரி எபிதீலியத்தில், அதாவது உட்புறத்தை மூடும் செல் அடுக்கில், குறைந்திருக்கும். அதே கருப்பையை மொத்தமாக அரைத்து ஆர்.என்.ஏ. எடுத்தால், கூடினதும் குறைந்ததும் ஒன்றையொன்று தின்றுவிட்டு, சொல்லும்படி மாற்றம் இல்லை என்றுகூட வரலாம். நான்கில் எதுவும் பொய்யில்லை. கேட்ட இடம் வேறு, அவ்வளவுதான்.

ஊட்டி, குன்னூர், கொடைக்கானல் பக்கம் மருந்தியலோ உயிர்த்தொழில்நுட்பமோ படிப்பவர்கள் ஈஸ்ட்ரோஜன் தொடர்பான ஆய்வை எடுக்கும்போது, பெரும்பாலும் மாடலை முதலில் முடிவு செய்துவிட்டுக் கேள்வியைப் பிறகு தேடுகிறார்கள். துறையில் எலிக்கூடம் இருந்தால் எலி. செல் வளர்ப்பு அறை இருந்தால் செல். இந்தக் கட்டுரை அந்த வரிசையைத் திருப்பிப் போடுகிறது. கூடவே ஒரு கருத்தை விடாமல் பிடித்துக்கொண்டு போகிறது: எந்த மாடல் என்பதைவிட, ஹார்மோன் கொடுப்பதற்கு முன்னால் அந்த மாடலில் எவ்வளவு ஈஸ்ட்ரோஜன் மிச்சம் இருந்தது என்பதே முடிவைத் தீர்மானிக்கிறது. ஏற்கெனவே நிறைந்த குடத்தில் ஊற்றிவிட்டு, மட்டம் ஏறவில்லை என்று எழுதிய ஆய்வேடுகள் நிறைய.

ஹார்மோன் மரபணுவை எப்படித் தொடுகிறது

1950களின் இறுதியில் சிகாகோவில் எல்வுட் ஜென்சனும் ஹெர்பர்ட் ஜேக்கப்சனும் கதிரியக்க ஹைட்ரஜனான டிரிட்டியம் ஏற்றிய எஸ்ட்ரடயாலை, அதாவது உடலின் முக்கிய ஈஸ்ட்ரோஜனை, பருவமடையாத பெண் எலிகளுக்குச் செலுத்தினார்கள். இரத்தத்திலிருந்து அது வடிந்த பிறகும் கருப்பையும் யோனியும் அதை விடாமல், வேதியியல் மாற்றமும் செய்யாமல், பிடித்து வைத்திருந்தன. பிடிக்கிற புரதம் ஒன்று இருக்க வேண்டும் என்ற எண்ணம் அங்கிருந்து வந்தது. 1986-இல் அந்த ஏற்பியின் மரபணு வரிசை வெளியானது. 1996-இல் இன்னொரு ஏற்பி கிடைத்ததும் பழையது ஆல்ஃபா, புதியது பீட்டா ஆயின. கருப்பையில் வேலை பெரும்பாலும் ஆல்ஃபாவுடையது. 1993-இல் ஆல்ஃபா இல்லாத சுண்டெலியை உருவாக்கியபோது அதன் கருப்பை வளராமல் சிறுத்தே நின்றது. ஈஸ்ட்ரோஜன் கொடுத்தும் அசையவில்லை.

எஸ்ட்ரடயால் ஏற்பியின் பள்ளத்தில் பொருந்தியதும் அதன் 12-ஆவது சுருள் மூடிபோல் மடங்குகிறது. மடங்கிய இடத்தில் துணைப் புரதங்கள் வந்து உட்கார வசதி ஏற்படுகிறது. இரண்டு ஏற்பிகள் ஜோடி சேர்ந்து டி.என்.ஏ.வில் ஒரு முகவரியைத் தேடுகின்றன: ஜி-ஜி-டி-சி-ஏ, நடுவில் ஏதாவது மூன்று எழுத்து, பிறகு டி-ஜி-ஏ-சி-சி. சில மரபணுக்களில் நேரடியாக டி.என்.ஏ.வைத் தொடாமல் ஏ.பி-1, எஸ்.பி-1 போன்ற வேறு புரதங்களின் தோளில் ஏறிக்கொள்வதும் உண்டு. ஏற்பி உட்காரும் இடங்களில் பெரும்பாலானவை மரபணுவின் வாசலில் இல்லை. தொலைவிலிருந்து மரபணுவைத் தூண்டும் என்ஹான்சர் என்ற டி.என்.ஏ. துண்டுகளில் இருக்கின்றன. எந்த என்ஹான்சர் திறந்திருக்கிறது என்பதை அந்தத் திசு முன்பே முடிவு செய்து வைத்திருக்கும். மார்பகச் செல்லில் அந்தக் கதவைத் திறந்து வைப்பதில் ஃபாக்ஸ்-ஏ1 என்ற புரதத்துக்குப் பெரிய பங்கு உண்டு. அதனால்தான் ஹார்மோனும் ஏற்பியும் ஒன்றாக இருந்தும் மார்பகத்தின் மரபணுப் பட்டியலும் கருப்பையின் பட்டியலும் ஒன்றாக இருப்பதில்லை. டமாக்சிஃபென் மார்பகத்தில் ஈஸ்ட்ரோஜனைத் தடுத்துவிட்டு, கருப்பை உட்படலத்தில் ஈஸ்ட்ரோஜனைப் போலவே நடந்துகொள்வதும் துணைப் புரதங்களின் இருப்பு திசுவுக்குத் திசு மாறுவதால்தான். ஆகவே எம்.சி.எஃப்-7 என்ற மார்பகச் செல்லில் பார்த்ததைக் கருப்பைக்கு ஏற்றிச் சொல்லக் கூடாது. இது சின்னத் தவறு அல்ல.

இரண்டாவது விஷயம் நேரம். சுண்டெலிக் கருப்பையில் எஸ்ட்ரடயால் ஊசி போட்ட இரண்டு மணி நேரத்தில் ஃபாஸ் போன்ற மரபணுக்கள் எழும்பி, சீக்கிரமே அடங்கிவிடும். சில மணி நேரத்தில் திசு நீர் கோத்து உப்பும். ஐ.ஜி.எஃப்-1 என்ற வளர்ச்சிக் காரணியின் மரபணு அந்த நேரத்தில் ஏறும். 16 முதல் 18 மணி நேர அளவில் எபிதீலியச் செல்கள் டி.என்.ஏ.வை இரட்டிக்கும். பால்புரதமான லாக்டோஃபெரினின் மரபணு, எல்.டி.எஃப்., 24 மணி நேரத்தில் பல மடங்கு உயர்ந்து நிற்கும். 24 மணி நேரத்தில் மட்டும் திசு எடுத்துவிட்டு, ஃபாஸ் மாறவில்லை என்று எழுதுவது, ரயில் போன பிறகு நடைமேடைக்கு வந்து ரயிலே ஓடவில்லை என்பதுபோல.

மூன்றாவது, யார் கேட்கிறார், யார் வளர்கிறார் என்பது. 1997-இல் வெளியான திசுச் சேர்க்கைச் சோதனைகளில், ஏற்பி இல்லாத எபிதீலியத்தை ஏற்பி உள்ள ஸ்ட்ரோமாவோடு ஒட்டி வளர்த்தபோது எபிதீலியம் பெருகியது. மாற்றி ஒட்டியபோது பெருகவில்லை. பெருகச் சொல்லும் கட்டளை அக்கம்பக்கத்து ஸ்ட்ரோமாவிலிருந்து வருகிறது. ஆனால் லாக்டோஃபெரினுக்கு எபிதீலியத்துக்குள்ளேயும் ஏற்பி வேண்டும். இந்த வேறுபாட்டைத் தட்டில் வளரும் ஒற்றை வகைச் செல் ஒருபோதும் காட்டாது.

இஷிகாவா செல்: மலிவு, வேகம், ஏமாற்றும் குணம்

இஷிகாவா என்பது ஜப்பானியப் பெண் ஒருவரின் கருப்பை உட்படலப் புற்றிலிருந்து வளர்க்கப்பட்ட வரிசை. ஈஸ்ட்ரோஜன் ஏற்பி உண்டு. ஒரு சாற்றுக்கு ஈஸ்ட்ரோஜன் குணம் இருக்கிறதா என்று சல்லடை போட இதைவிடச் சிக்கனமானது இல்லை. தண்ணீர்விட்டான் கிழங்குச் சாறோ வேறு மூலிகையோ கையில் வைத்திருப்பவர்கள் இங்கிருந்து தொடங்கலாம்.

ஆனால் சாதாரண ஊடகத்தில் தொடங்கக் கூடாது. ஊடகத்துக்குச் சிவப்பு நிறம் தரும் ஃபீனால் ரெட் சாயம் பலவீனமான ஈஸ்ட்ரோஜனாக நடந்துகொள்வதை 1986-லேயே காட்டிவிட்டார்கள். சாயத்தோடு கலந்து வரும் மாசுதான் குற்றவாளி என்பது பிறகு தெரிந்தது. கன்றுக்கரு சீரத்தில் எஸ்ட்ரடயால் தானாகவே இருக்கும். எனவே சாயமில்லாத ஊடகம், கரித்தூளால் ஹார்மோன் உறிஞ்சப்பட்ட சீரம் 5 சதவீதம், 72 மணி நேரம் பட்டினி. ஆறு குழித் தட்டில் குழிக்கு 3 லட்சம் செல் போட்டு, 24 மணிக்கு ஒருமுறை ஊடகத்தை மாற்றுங்கள். மாற்றாவிட்டால் செல்லுக்குள்ளிருந்து வெளியேறும் மிச்ச ஹார்மோன் அதே குழியில்தான் கிடக்கும். கரித்தூள் ஹார்மோனோடு வளர்ச்சிக்குத் தேவையான சிலவற்றையும் உறிஞ்சிவிடுவதால் செல் சற்று மந்தமாக வளரும், பயப்பட வேண்டாம். ஒரு ஆய்வு முழுவதற்கும் ஒரே லாட் எண்ணுள்ள சீரத்தை வாங்கி வையுங்கள்.

ஹார்மோன் கணக்கு எளிது. எஸ்ட்ரடயாலின் மூலக்கூறு எடை 272.4. ஆகவே 2.72 மில்லிகிராமை 1 மில்லிலிட்டர் எத்தனாலில் கரைத்தால் 10 மில்லிமோலார். அதை எத்தனாலிலேயே ஆயிரத்தில் ஒன்றாக நீர்த்தால் 10 மைக்ரோமோலார். அதிலிருந்து ஊடகத்தின் ஒவ்வொரு மில்லிலிட்டருக்கும் 1 மைக்ரோலிட்டர் விட்டால் 10 நேனோமோலார்; எத்தனால் 0.1 சதவீதம். கரைசலைக் கண்ணாடிக் குப்பியில் வையுங்கள், நீர்த்த ஹார்மோன் பிளாஸ்டிக் சுவரில் ஒட்டிக்கொள்ளும். தடுப்பானாக ஃபுல்வெஸ்ட்ரன்ட் 1 மைக்ரோமோலார் சேர்க்கும்போது இன்னொரு 0.1 சதவீத எத்தனால் ஏறும். அப்படியானால் எல்லாக் குழியிலும் மொத்தம் 0.2 சதவீதம் இருக்க வேண்டும். இந்தச் சமன்பாட்டை விட்டுவிட்டு, சாறுதான் வேலை செய்தது என்று மகிழ்ந்தவர்கள் உண்டு.

குறைந்தபட்சக் குழுக்கள் ஆறு: எத்தனால் மட்டும், எஸ்ட்ரடயால், எஸ்ட்ரடயாலும் ஃபுல்வெஸ்ட்ரன்டும், ஃபுல்வெஸ்ட்ரன்ட் மட்டும், சாறு, சாறும் ஃபுல்வெஸ்ட்ரன்டும். சாறு மரபணுவை உயர்த்தி, ஃபுல்வெஸ்ட்ரன்ட் அதைத் தடுக்காவிட்டால், அது ஈஸ்ட்ரோஜன் ஏற்பி வழியாக வந்த வேலை அல்ல. இதற்கெல்லாம் முன்னால் சாறு செல்லைக் கொல்லாத அளவு எது என்று எம்.டி.டி. சோதனையில் பார்த்துவிடுங்கள்.

ஆர்.என்.ஏ.வை அளக்கும் பி.சி.ஆர். கருவிக்கு வரிசையில் நிற்க வேண்டியிருந்தால் இன்னொரு வழி உண்டு. இஷிகாவாவில் ஈஸ்ட்ரோஜன் அல்கலைன் பாஸ்படேஸ் நொதியை உயர்த்தும். 96 குழித் தட்டில் மூன்று, நான்கு நாள் ஹார்மோன் கொடுத்து, கழுவி, பாரா நைட்ரோஃபீனைல் பாஸ்பேட் விட்டால் மஞ்சள் நிறம் வரும். 405 நேனோமீட்டரில் படித்துக்கொள்ளலாம். ஒளி தரும் லூசிஃபெரேஸ் நொதியைப் பதித்த செல்வரிசைகளைவிடத் தாவரச் சாறுக்கு இது நிதானமானது. ஜெனிஸ்டின், ரெஸ்வெரட்ரால் போன்ற தாவரப் பொருள்கள் லூசிஃபெரேஸ் ஒளியைத் தாமே குழப்பக்கூடியவை. ஒளி ஏறினதைப் பார்த்து மரபணு ஏறினது என்று நினைக்க வேண்டியதில்லை, பி.ஜி.ஆர்., ஈஸ்ட்ரோஜனுக்கு ஏறும் இன்னொரு மரபணுவான கிரெப்-1 ஆகியவற்றின் ஆர்.என்.ஏ.வையும் அளந்தால் சந்தேகம் தீரும்.

ஏமாற்றும் குணம் என்றது இதை: கைமாறிக் கைமாறி வந்த இஷிகாவாவில் ஏற்பியின் அளவு ஆய்வகத்துக்கு ஆய்வகம் மாறும். அதிகம் பாசேஜ் ஆனதில், அதாவது தட்டு மாற்றித் தட்டு மாற்றிப் பலமுறை வளர்த்ததில், ஏற்பி அற்றே போயிருக்கலாம். பக்கத்துத் துறையிலிருந்து ஒரு பிளாஸ்க் கடன் வாங்கி வந்தால், எஸ்.டி.ஆர். அடையாளச் சோதனையும் ஏற்பிப் புரதம் இருக்கிறதா என்று காட்டும் வெஸ்டர்ன் பிளாட்டும் முடியாமல் அடுத்த அடி வைக்காதீர்கள்.

சினைப்பை நீக்கிய சுண்டெலி

திசுவின் பதில் வேண்டும் என்றால் இதற்கு ஈடு இல்லை. விலை, நேரம், நெறிமுறைக் குழு அனுமதி எல்லாம் கூடும். நிறுவன விலங்கு நெறிமுறைக் குழு கூடும் தேதியைப் பார்த்து விண்ணப்பம் கொடுக்காவிட்டால் அந்தப் பருவமே கைவிட்டுப் போகும்.

6 முதல் 8 வார வயதில் சினைப்பை நீக்கம். சுண்டெலிக்குக் குறைந்தது 7 நாள், பெரிய எலிக்குக் குறைந்தது 14 நாள் காத்திருந்தால்தான் கருப்பை சுருங்கி அடிமட்டத்துக்கு வரும். சினைப்பையைச் சுற்றிய கொழுப்பில் ஒரு துணுக்கு தங்கிவிட்டாலும் போச்சு. அந்தத் துணுக்கு ஹார்மோன் சுரந்துகொண்டே இருக்கும். தொடர்ந்து ஐந்து நாள் யோனிச் சுரண்டல் எடுத்து நுண்ணோக்கியில் பாருங்கள். தட்டையான, உட்கரு இல்லாத, கொம்புப்பொருள் ஏறிய செல்கள் தெரிந்தால் அந்த விலங்கைக் குழுவில் சேர்க்க வேண்டாம்.

சினைப்பையை வெட்டினதோடு ஈஸ்ட்ரோஜன் போய்விட்டது என்று நினைப்பது பாதிக் கணக்கு. தீவனத்தில் சோயாப் பிண்ணாக்கு இருக்கும். அதில் ஜெனிஸ்டின் இருக்கும். ஓ.இ.சி.டி. அமைப்பின் 440-ஆம் எண் வழிகாட்டி, ஒரு கிராம் தீவனத்தில் ஜெனிஸ்டினுக்கு நிகரான தாவர ஈஸ்ட்ரோஜன் 350 மைக்ரோகிராமுக்கு மேல் போகக்கூடாது என்கிறது. மூட்டையின் லேபிளில் சோயா எத்தனையாவது இடத்தில் இருக்கிறது என்று பார்த்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும். மக்காச்சோளக் கதிர்த்தண்டைப் பொடித்த படுக்கையிலும் ஹார்மோன் செயலைக் குலைக்கும் பொருள்கள் உள்ளன. மரக்கூழ்ப் படுக்கை நல்லது. தண்ணீர் பாட்டில் பழைய பாலிகார்பனேட் என்றால் ஆட்டோகிளேவில் போய்வரும் ஒவ்வொரு முறையும் பிஸ்ஃபீனால்-ஏ கசியும். கண்ணாடி பாட்டிலுக்கு மாறுங்கள்.

அளவு: சுண்டெலிக்கு 100 நேனோகிராம் எஸ்ட்ரடயால், 100 மைக்ரோலிட்டர் நல்லெண்ணெயில், தோலுக்கடியில். எத்தனாலில் கரைத்து எண்ணெயில் கலந்து எத்தனாலை ஆவியாக விட வேண்டும். ஆய்வகத் தர எண்ணெய் வாங்குங்கள், சமையல்கட்டு பாட்டில் வேண்டாம். ஊட்டியின் டிசம்பர் காலையில் எண்ணெய் கெட்டிப்பட்டு மெல்லிய ஊசியில் குமிழியோடு ஏறும். 100 மைக்ரோலிட்டர் என்று இழுத்தது 80 ஆக இருக்கும். 37 டிகிரி தண்ணீரில் குப்பியை வைத்துச் சூடாக்கி, நன்றாகக் கலக்கிய பிறகு இழுங்கள்.

2, 6, 24 மணி நேரம் என்று மூன்று வேளை, ஹார்மோன், எண்ணெய் என்று இரண்டு குழு, குழுவுக்கு 6 விலங்கு என்றால் 36. கருப்பைக்கு இரண்டு கொம்பு இருப்பது ஆய்வாளருக்குக் கிடைத்த வரம். ஒரு கொம்பு ஆர்.என்.ஏ.வுக்கு, மற்றது 10 சதவீத நடுநிலை ஃபார்மலினில் சாயத்துக்கு. முதலில் சொன்ன பி.ஜி.ஆர். சிக்கல் இங்கேதான் தீரும். பேச்சுக்கு ஒரு கணக்கு: எபிதீலியம் 1 பங்கு, ஸ்ட்ரோமா 1 பங்கு ஆர்.என்.ஏ. தருகிறது என்று வைத்துக்கொள்வோம். எபிதீலியத்தில் 1 என்பது 0.25 ஆகவும் ஸ்ட்ரோமாவில் 1 என்பது 1.75 ஆகவும் மாறினால், கூட்டுத்தொகை முன்பும் 2, பின்பும் 2. பி.சி.ஆர். கருவி என்ன செய்யும் பாவம்? சாயமிட்ட சீவல் ஒன்றே இரண்டையும் பிரித்துக் காட்டும். நொதி போட்டு எபிதீலியத்தைத் தனியே உரித்தெடுக்கலாம் என்று தோன்றும்; 37 டிகிரியில் நொதியோடு வைத்திருக்கும் நேரமே ஃபாஸ் போன்ற அவசர மரபணுக்களைத் தூண்டிவிடும் என்பதை நினைவில் வையுங்கள்.

ஒப்பீட்டு மரபணு, அதாவது மற்றவற்றை அளக்க அடிப்படையாக வைக்கும் மாறாத மரபணு, என்று கைப்பழக்கத்தில் ஜி.ஏ.பி.டி.எச்., ஆக்டின் இரண்டில் ஒன்றைப் போடாதீர்கள். கருப்பையில் இரண்டையும் ஈஸ்ட்ரோஜன் அசைக்கும். 36பி4 என்று பழைய பெயர் கொண்ட ஆர்.பி.எல்.பி-0 பொருத்தமானது. ஈஸ்ட்ரோஜனால் மாறாதது என்றே 1980களில் எம்.சி.எஃப்-7 செல்லில் அடையாளம் காணப்பட்ட மரபணு அது. கருப்பையிலும் மாறவில்லை என்று உங்கள் திசுவில் ஒருமுறை சரிபார்த்துவிட்டால் போதும்.

ஆர்கனாய்டு

2017-இல் இரண்டு குழுக்கள் மனித எண்டோமெட்ரியச் சுரப்பிகளிலிருந்து ஆர்கனாய்டு வளர்த்துக் காட்டின. திசுத் துணுக்கை கொலாஜனேஸில் கரைத்து, 100 மைக்ரான் வலையில் வடிகட்டி, வலைமேல் தங்கிய சுரப்பிகளைக் கழுவி எடுத்து, 20 முதல் 25 மைக்ரோலிட்டர் மேட்ரிஜெல் என்ற கூழின் சொட்டுக்குள் புதைக்க வேண்டும். ஏழு முதல் பத்து நாளைக்கு ஒருமுறை உடைத்துப் பிரிக்கலாம். புற்றுச் செல் அல்ல, இயல்பான மனித எபிதீலியம். 10 நேனோமோலார் எஸ்ட்ரடயால் 48 மணி நேரம் கொடுத்தால் பி.ஜி.ஆர். உயரும்; பிறகு புரொஜெஸ்ட்ரோன் கொடுத்து அடுத்த கட்டத்தையும் பார்க்கலாம். பார்க்க அழகு.

சிக்கல் ஊடகத்தில். ஆர்கனாய்டு ஊடகத்தில் வழக்கமாகச் சேர்க்கும் என்-2, பி-27 என்ற இரண்டு துணைக்கலவைகளிலும் புரொஜெஸ்ட்ரோன் இருக்கிறது. நரம்புச் செல் வளர்ப்புக்காக உருவான கலவைகள் அவை. அங்கே யாரும் கவலைப்படவில்லை. நாம் ஈஸ்ட்ரோஜனின் செயலைப் பார்க்க உட்கார்ந்திருக்கிறோம், அதை அடக்கும் ஹார்மோன் முன்பே குழியில் மிதக்கிறது. அடிப்படை ஊடகமும் பெரும்பாலும் ஃபீனால் ரெட்டோடுதான் வரும். புரொஜெஸ்ட்ரோன் இல்லாத கலவையைத் தனித்தனிப் பொருளாக வாங்கிச் சேர்க்கத் தயாராக இல்லாவிட்டால், இந்த மாடலில் வரும் மடங்குக் கணக்கைக் கவனமாகவே படிக்க வேண்டும். ஸ்ட்ரோமா இல்லை என்பது இன்னொரு குறை. பெருக்கக் கட்டளை யாரிடமிருந்து வருகிறது என்ற கேள்விக்கு ஆர்கனாய்டு தனியாகப் பதில் சொல்லாது.

திசு தரும் பெண்ணின் ஒப்புதல், மருத்துவமனையின் நெறிமுறைக் குழு, மாதவிடாய்ச் சுழற்சியின் எத்தனையாவது நாள், கடந்த மூன்று மாதத்தில் கருத்தடை மாத்திரையோ கருப்பைக்குள் வைக்கும் ஹார்மோன் பொதித்த கருத்தடைச் சாதனமோ உண்டா என்ற விவரம், இவ்வளவும் வேண்டும். மேட்ரிஜெல் 10 டிகிரிக்கு மேல் இறுகத் தொடங்கும். கோயம்புத்தூரிலிருந்து உலர்பனிப் பெட்டியில் ஏறி வரும்போது மேட்டுப்பாளையம் பாதையில் மண் சரிந்து வண்டி நின்றால் அந்தப் புட்டி அவ்வளவுதான். அக்டோபர் முதல் டிசம்பர் வரை அதை வரவழைக்காமல் இருப்பது புத்திசாலித்தனம்.

கசாப்புக் கூடத்து ஆட்டுக் கருப்பை என்று நான்காவது ஒன்றும் உண்டு. இலவசமாகக்கூடக் கிடைக்கும். எபிதீலியத்தையும் ஸ்ட்ரோமாவையும் தனித்தனியாக வளர்க்கப் பழகுவதற்கு நல்லது. அந்த ஆடு சுழற்சியின் எந்தக் கட்டத்தில் இருந்தது என்பதைச் சினைப்பையில் உள்ள மஞ்சள் உடலைப் பார்த்து ஊகிக்கத்தான் முடியும் என்பதால், மரபணு அளவுகளை ஒப்பிட அதை நம்ப வேண்டாம்.

2,240 மீட்டர் உயரம் கணக்கில் சேர்க்கும் விஷயங்கள்

ஊட்டியில் காற்றழுத்தம் சுமார் 579 மில்லிமீட்டர் பாதரசம். தண்ணீர் 92.5 டிகிரி அளவில் கொதித்துவிடும். குக்கர் இல்லாமல் பருப்பு வேகாது என்பது மலையில் எல்லா வீட்டுக்கும் தெரியும். ஆய்வகங்கள் மட்டும் அடிக்கடி மறந்துபோகும்.

ஆட்டோகிளேவின் முள் 15 பவுண்டு காட்டினால் சமவெளியில் உள்ளே 121 டிகிரி. இங்கே அதே 15 பவுண்டுக்கு 117 டிகிரிதான். 121 வேண்டுமென்றால் முள் 18.5 பவுண்டைத் தொட வேண்டும். பாத்திரம் அதைத் தாங்கும் என்று உற்பத்தியாளர் எழுதியிருந்தால் மட்டும் ஏற்றுங்கள். இல்லாவிட்டால் வெப்பத்தைப் பார்த்து ஓடும் கருவிக்கு மாறுவதே வழி. ஏற்பிக்குச் சாயமிடும் முன் சீவல்களை சிட்ரேட் கரைசலில் கொதிக்க வைப்பது வழக்கம். திறந்த பாத்திரத்தில் 92 டிகிரியில் வேகவைத்தால் ஏற்பியின் நிறம் மங்கலாக வந்து, திசுவில் ஏற்பியே குறைவு என்ற தவறான முடிவுக்குக் கொண்டுபோய்விடும். இதற்கும் குக்கர்தான் மருந்து. பி.சி.ஆர். தட்டின் மேலொட்டு சரியாக ஒட்டாவிட்டால், 95 டிகிரிச் சுற்றில் ஓரக் குழிகள் சமவெளியைவிட வேகமாக வற்றும்.

எல்லாவற்றையும்விட நுட்பமானது இன்குபேட்டர். ஊடகத்தின் அமிலத்தன்மையைக் கட்டுப்படுத்துவது கார்பன் டை ஆக்சைடின் சதவீதம் அல்ல, அதன் அழுத்தம். கடல்மட்டத்தில் 5 சதவீதம் என்பது, நீராவியைக் கழித்தால், சுமார் 36 மில்லிமீட்டர். ஊட்டியில் அதே 5 சதவீதம் சுமார் 27 மில்லிமீட்டர். பி.எச். ஏறத்தாழ 0.13 ஏறிவிடும். பழைய அழுத்தத்தைத் தர 6.7 சதவீதம் வேண்டும். சாதாரண ஊடகமாக இருந்தால் அது ஊதா பக்கம் சாய்ந்து எச்சரித்திருக்கும். நாமோ ஈஸ்ட்ரோஜனுக்குப் பயந்து அந்தச் சாயத்தையே எடுத்துவிட்டோம்! கண்ணுக்குத் தெரிய வேண்டிய இடத்தில் கண்ணைக் கட்டிக்கொண்ட மாதிரி. சென்சார் எங்கே, எப்படி அளவு திருத்தப்பட்டது என்பதைப் பொறுத்தும் திரையில் தெரியும் எண் மாறும். எனவே திரையை நம்பாமல், செல் இல்லாத ஒரு தட்டில் ஊடகம் ஊற்றி இரவு முழுக்க உள்ளே வைத்து, காலையில் வெளியே எடுத்த கையோடு மின்முனையில் அளந்துவிடுங்கள்.

விலங்குக்கும் இந்த உயரம் பொருட்டு. உள்ளிழுக்கும் ஆக்சிஜனின் அழுத்தம் கடல்மட்டத்தின் முக்கால் பங்குதான். கருப்பையில் ஈஸ்ட்ரோஜன் உயர்த்தும், இரத்தக் குழாய்களை வளர்க்கும் வி.ஈ.ஜி.எஃப். மரபணுவை ஆக்சிஜன் குறைவும் உயர்த்தும். அதை மட்டும் அடையாளமாக வைத்துச் சமவெளி ஆய்வோடு எண்ணை எண்ணுக்கு ஒப்பிட்டால் சறுக்கும். ஜனவரி இரவுகளில் எலிக்கூடம் 22 டிகிரியிலிருந்து 3 டிகிரிக்கு மேல் விலகாமல் இருக்க ஹீட்டருக்கு மாற்று மின்சாரம் வேண்டும். மழைக்காலத்தில் ஈரப்பதத்தை 70 சதவீதத்துக்குள் வைக்க உலர்த்தும் கருவி வேண்டும். திரவ நைட்ரஜன் கீழிருந்து வர வேண்டியிருப்பதால், திசுவை ஆர்.என்.ஏ. கெடாமல் காக்கும் ஆர்.என்.ஏ.லேட்டர் கரைசலில் போடுவது மலைக்கு ஏற்றது. துண்டு அரை சென்டிமீட்டரைவிட மெல்லியதாக, ஐந்து மடங்கு கரைசலில், ஒரு இரவு 4 டிகிரியில், பிறகு மைனஸ் 20-இல்.

எதை எடுப்பது

சாற்றுக்கோ ஒரு வேதிப்பொருளுக்கோ ஈஸ்ட்ரோஜன் குணம் உண்டா என்பதுதான் கேள்வி என்றால் இஷிகாவா போதும். முதுகலைத் திட்டத்தின் ஆறு மாதத்துக்குள் முடியும். ஏற்பி எந்த டி.என்.ஏ. இடத்தில் உட்காருகிறது என்று சிப் முறையில் பார்க்க நினைப்பவருக்கும் கோடிக்கணக்கில் ஒரே மாதிரிச் செல் வேண்டும் என்பதால் செல்லே தோது. ஆனால் அது புற்றின் வரைபடம் என்று ஆய்வேட்டில் எழுதிவிடுங்கள். கருப்பை எடை, எபிதீலியப் பெருக்கம், ஸ்ட்ரோமாவின் பங்கு, காலவரிசை என்று எது வந்தாலும் சுண்டெலிதான். செல்லில் முடிவு கிடைக்காமல் எலிக்குப் போவதில் எங்களுக்கு உடன்பாடு இல்லை. அளவு தெரியாத சாற்றோடு 36 விலங்கை எடுப்பது வீண். மனிதத் திசுவின் பதிலே வேண்டும், அருகில் ஒத்துழைக்கும் மகப்பேறு மருத்துவரும் இரண்டு ஆண்டுக்கு மேல் நேரமும் உண்டு என்றால் ஆர்கனாய்டு. முதலாண்டு ஆராய்ச்சி மாணவர் மலை மேல் அதைத் தனியாகத் தொடங்குவதை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம்.

கருக்குழாயைப் பற்றியோ யோனியைப் பற்றியோ கேள்வி இருப்பவர்கள் இதில் எதையும் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். கருக்குழாயில் ஓ.வி.ஜி.பி-1, எலியின் யோனியில் கெரட்டின் மரபணுக்கள் என்று அங்கே அடையாளங்களே வேறு.

எந்த மாடலை எடுத்தாலும் ஃபுல்வெஸ்ட்ரன்ட் மட்டும் கொடுத்த குழுவை விட்டுவிடாதீர்கள். வீண் செலவு என்று முதலில் வெட்டப்படுவது அதுதான். கிரெப்-1-இன் அளவு எத்தனால் குழுவில் 1 என்று வைத்து, ஃபுல்வெஸ்ட்ரன்ட் மட்டும் கொடுத்த குழுவில் அது தெளிவாக 1-க்குக் கீழே போனால், நீங்கள் ஹார்மோன் சேர்க்கும் முன்பே ஏற்பி வேலை செய்துகொண்டிருந்தது என்று பொருள். சீரத்தில் மிச்சம் இருந்திருக்கலாம், ஊடகத்தின் வளர்ச்சிக் காரணிகள் ஹார்மோன் இல்லாமலே ஏற்பியைத் தட்டியிருக்கலாம், எலியாக இருந்தால் தீவனமோ தங்கிப்போன சினைப்பைத் துணுக்கோ காரணமாக இருக்கலாம். சீரத்தின் லாட்டை மாற்றி, பட்டினியை 72 மணியிலிருந்து 96 மணிக்கு நீட்டி, எலி என்றால் மூட்டையின் லேபிளையும் சுரண்டல் கண்ணாடிகளையும் திரும்ப எடுத்துப் பார்த்து, அந்த எண் 1-க்கு அருகில் வந்து நின்ற பிறகு சாற்றைத் தொடுங்கள்.